கத்திரிக்காய்த் தரை

பழைய குடியிருப்பை இடித்த குப்பையை அரைத்து, அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கலந்து, சிமெண்டைப் பேருக்குச் சேர்த்து வார்த்த கற்களைத்தான் புதுக் குடியிருப்பின் முற்றத்தில் பதித்திருந்தார்கள். பால் வாங்கிக்கொண்டு திரும்பிய ரெஜினா அதன் நடுவில் சட்டென்று நின்றாள். ஒரு கல்லில், கட்டைவிரல் அகலத்துக்கு, கத்திரிக்காய் நிறத்தில் ஒரு சில்லு தெரிந்தது. அந்த நிறத்தில் ஊரிலேயே ஒரு தரைதான் இருந்தது. இடிபட்ட அவர்களுடைய பழைய வீட்டு அடுப்பங்கரைக்குத் தரை போட, சிமெண்டில் சிவப்புப் பொடி கலக்கும்போது அவள் கணவன் சூசை நீலப் பொடியையும் சேர்த்துக் கொட்டிவிட்டான். வந்தவர்களெல்லாம் சிரித்த தரை அது. அதற்காக ஒரு வாரம் அவனோடு பேசாமல் இருந்தாள்.

புது வீடு இன்னும் யார் வீடோ போலத்தான் இருந்தது. ஒருவரையும் அவள் உள்ளே கூப்பிட்டதில்லை.

செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு வெறுங்காலோடு கல்லின்மேல் ஏறினாள். "யோவ், வெளிய வந்து பாருய்யா! நம்ம அடுப்பங்கரை இங்க கெடக்குது!" என்று மாடியைப் பார்த்துக் கத்தினாள்.

சத்தம் கேட்டு, பழைய பக்கத்து வீட்டுக்காரி தில்ஷாத் முதலில் ஓடிவந்தாள். குனிந்து பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு கல்லை மிதிக்காமல் தள்ளி நின்று கேட்டாள்.

"உள்ள வரலாமாக்கா?"

ரெஜினா அந்த ஒற்றைக் கல்லின் ஓரத்துக்கு ஒதுங்கி இடம்விட்டாள்.

"வா வா. செருப்ப வெளியவே வுட்டுட்டு வா. பாலு இப்பத்தான் வாங்கியாந்தேன்."