நடுவில் ஒரு நாற்காலி

மாலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கூடத்துத் தரையில் கோடு கோடாக இழுத்துவிட்டிருக்கிறது. அந்தக் கோடுகளை மிதித்தபடி, கான்வாஸ் ஷூ கிறீச்சிட, ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர் நடந்துகொண்டிருக்கிறாள். எழுபத்திரண்டு வயது. தினமும் நாற்பது சுற்று. சுற்றுக்கு ஒன்றாக, வேலை பார்த்த காலத்து நம்பரை நினைவிலிருந்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தீயணைப்பு நிலையத்தில் தொடங்கி மருந்துக்கடையில் முடியும் வரிசை அது. இடையில் ஒன்று தவறினாலும் மறுபடி முதல் சுற்று. அவளே போட்டுக்கொண்ட சட்டம். இப்போது முப்பத்தெட்டு. மகன் குறுக்கே ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போடுகிறான். "கொஞ்சம் உக்காரும்மா." அவள் சுற்றிக்கொண்டு போகிறாள், முந்தானை நாற்காலிக் கையில் மாட்டி விடுபடுகிறது. அவன் போனில் டாக்டரின் உதவியாளரிடம் குரலைத் தாழ்த்துகிறான். "நடந்துக்கிட்டே தனக்குத்தானே ஏதோ நம்பரா பேசறாங்க. மறதி வியாதியோன்னு பயமா இருக்கு." அந்தப் பக்கம் பிறந்த தேதி கேட்கிறார்கள் போல. பிடரியைச் சொறிகிறான். "மார்ச் பதினெட்டு."

ஷூ சத்தம் நிற்கிறது.

"அது உன் மாமியாரோடது."

அவன் போனைக் கையால் பொத்துகிறான். "அப்ப உன்னோடது என்னைக்கும்மா?"

"அதையும் நான்தான் ஞாபகம் வச்சுக்கணுமா?"

நாக்கு நுனிவரை வந்திருந்த நம்பர் போயே போய்விட்டது. நாற்காலியைக் காலால் சுவரோரம் தள்ளிவிட்டு, வாசல் பக்கம் திரும்பி நடக்கிறாள். "தீயணைப்பு நிலையம். நாலு, ஒம்பது, ரெண்டு, ஏழு."