சிவப்புத் துணி

காயலுக்கு அக்கரையில், சவுக்குக் காட்டுக்கும் கடலுக்கும் நடுவே தனியாக நின்றது அந்த மரவீடு. போன் சிக்னல் கிடையாது. அதற்காகவே ஹேமலதா அதை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்தாள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் செலின் அவளைத் தோணியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வாசலில் நட்டிருந்த கம்பத்தைக் காட்டினாள்.

"காலைல எந்திரிச்சதும் இந்தச் செவப்புத் துணியக் கட்டிருங்கம்மா. நல்லா இருக்கீங்கன்னு எங்க கரையிலேருந்தே பாத்துக்குவேன். கட்டலன்னா வந்துருவேன்."

இரண்டு நாள் கட்டினாள். ஊரிலிருந்து கிளம்பியபோது எங்கே போகிறாய் என்று கணவன் கேட்கவில்லை. தோசைமாவு எந்தப் பாத்திரத்தில் இருக்கிறது என்றுதான் மகன் கேட்டான். மூன்றாம் நாள் காலையில் அவள் துணியை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவளைப் போல செலினின் கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் ஏறுமுன்பே துடுப்புச் சத்தம் கேட்டது. முழங்கால் தண்ணீரில் குதித்து ஓடிவந்தாள் செலின். தலைகூட வாரியிருக்கவில்லை. கடைவாயில் பற்பசை காய்ந்திருந்தது.

"உசிரே போயிருச்சும்மா! என்னாச்சு?"

"மறந்துட்டேன்."

செலின் அவள் மடியைப் பார்த்தாள். பிறகு மூச்சு வாங்கியபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்கும் மறப்பீங்களா? இப்பவே சொல்லிருங்க. வரும்போது மீன் கொழம்பு எடுத்துட்டு வந்துருவேன்."

ஹேமலதா சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். முகத்தைத் துடைத்துக்கொள்ள அந்தத் துணிதான் கையில் இருந்தது.