அவன் செய்த தப்பு

"சொல்லுங்க, இந்த ஆளு செஞ்ச தப்பு என்ன?"

வரலாற்று டீச்சர் படத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். திரையில், குழாயடியில் தண்ணீர் குடிக்கக் குனிந்த கறுப்பின இளைஞனின் முதுகுக்கு மேல் போலீஸ்காரரின் தடி ஓங்கியபடி நின்றது. குழாய்க்கு மேலே ஒரு பலகை: 'வெள்ளையருக்கு மட்டும்.'

படம் தெரிவதற்காக ஜன்னல் திரைகளையெல்லாம் டீச்சர் இழுத்து மூடியிருந்ததில் வகுப்பு வெந்துகொண்டிருந்தது. பாதிப் பெஞ்சு காலி. ஒட்டுமொத்தமாக மட்டம் போட்டுவிட்டார்கள். போதாததற்கு வெளியே யாரோ ஆணி அடித்து உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அவன் ஒரு தப்பும் பண்ணல டீச்சர்! தப்பெல்லாம் போலீஸ் மேல!"

முதல் பெஞ்சிலிருந்து எழுந்தாள் 'வக்கீல்'. எதற்கெடுத்தாலும் நியாயம் பேசுவதால் வகுப்பு வைத்த பெயர். டீச்சரின் ஒரே மகள். வீட்டில்தான் அம்மா; இங்கே டீச்சர்.

"நான் நியாயம் கேக்கல. அவன் செஞ்ச தப்பைக் கேட்டேன்."

"பலகையைப் பார்க்காமக் குடிச்சுட்டான் டீச்சர்," என்றான் பின்பெஞ்சுக்காரன்.

"சரி. வேற?"

"போலீஸ் கூப்பிட்டதும் முறைச்சான்."

"எங்க பார்த்திருக்கணும்?"

"தரையை."

"எல்லாரும் எழுதிக்கோங்க."

வக்கீல் பேனாவை மூடிவைத்தாள். "நான் எழுத மாட்டேன். போன மாசம் இதே பாடத்துக்கு ஒரு கதையைப் படிச்சுக் காட்டி நீங்களே அழுதீங்க. அநியாயத்தைக் கண்டாத் தட்டிக் கேக்கணும்னு சொன்னீங்க. இப்ப அடி வாங்கினவன் தலையிலயே பழியைப் போடறீங்களே, வெக்கமா இல்ல உங்களுக்கு?"

ஐயோ, செத்தாள் இவள் என்று வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டது. டீச்சர் அவள் அருகில் வந்தார்.

"இந்த வாய்தான்டி உன்னைக் கெடுக்கப்போகுது. பஸ்ல முன்சீட்டு காலியா இருக்கு. நீ எங்க உக்காருவே?"

"முன்னாடிதான்."

"தப்பு! யோசிச்சுச் சொல்லு."

"காலியா இருந்தா முன்னாடிதான் உக்காருவேன்!"

அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால். டீச்சரின் குரல் உடைந்தது. "உன் கால்ல வேணா விழறேன் கண்ணு. ஒரே ஒரு தடவை சரியாச் சொல்லிடு. அம்மா கேக்கறேன்."

பள்ளிக்கூடத்தில் அவர் தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டதே இல்லை. வக்கீலுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

"என்னம்மா ஆச்சு உனக்கு? இதெல்லாம் எங்கேயோ, எப்பவோ நடந்தது. பரீட்சைக்குக்கூட வராது."

வெளியே ஆணிச் சத்தம் நின்றது. டீச்சர் போய் ஜன்னல் திரையை விலக்கினார்.

பள்ளிக்கூடக் குழாய்க்கு மேலே புதிய பலகை. அதே இரண்டு சொற்கள். மட்டம் போட்டதாக நினைத்த பாதி வகுப்பும், வெள்ளைக்காரப் பிள்ளைகள் அத்தனை பேரும், எதிர்க் கட்டடத்திலிருந்து இறங்கி அந்தக் குழாயடிக்கு வந்துகொண்டிருந்தது. வக்கீலின் பெஞ்சுத் தோழியும் அதில் இருந்தாள். இந்தப் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"காலையிலதான் இந்த நாட்டுலயும் அதே சட்டம் போட்டாங்க. குழாயும் பஸ் முன்சீட்டும் இனி அவங்களுக்குத்தான்," என்றார் டீச்சர். "இன்னும் கொஞ்ச நேரத்துல பஸ் வந்துரும். சொல்லு கண்ணு, எங்க உக்காருவே?"