மயில்கழுத்துச் சேலை

"சோறாக்கவும் துணி தைக்கவும் படிக்க ஒரு பள்ளிக்கூடமா? போதும் தாயி. நாளையிலருந்து வீட்டுல இரு. உங்க ஆத்தா சும்மாவே சொல்லித் தருவா."

கருத்தையா பேசினால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். சந்தையில் மூட்டை தூக்கிப் பிழைப்பைத் தொடங்கி, காரைக்குடியில் சொந்தமாகப் பாத்திரக்கடை போட்டவர். பேரத்தில் தன்னை மடக்க ஒருத்தன் இனிமேல்தான் பிறக்கணும் என்பது அவர் கட்சி.

மகள் பொன்னழகு பதினொன்றாவது. எடுத்திருந்தது மனையியல் பாடம். அவளும் அந்த அப்பனுக்குப் பிறந்தவள்தானே, விடவில்லை.

"சமையல் மட்டும் இல்லப்பா. ஒரே ஒரு நூலைக் கொளுத்தி, துணி அசலா போலியான்னு சொல்லிரலாம். யூஜினியா டீச்சர் இன்னைக்குச் செஞ்சே காமிச்சாக."

"எப்படியாம்?"

"அசல் பட்டுன்னா முடி கருகுற வாடை வரும். போலிப் பட்டு காகிதம் மாதிரி எரியும்."

கருத்தையா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அப்படியா சங்கதி? உங்க ஆத்தாளோட மயில்கழுத்துச் சேலையில ஒரு நூலை உருவு. கல்யாணமான மறுவருசம் தேவகோட்டையில எடுத்தது. மூணு தடவை நான் கடையை விட்டு இறங்க, மூணு தடவையும் அவனே கூப்பிட்டு, சொன்ன விலையில பாதிக்குக் குடுத்தான். அது அசல்னு உன் பாடம் சொன்னா, எம்புட்டு வேணும்னாலும் படி. போலின்னு சொன்னா பாடந்தேன் போலி. இன்னையோட படிப்புக்கு முழுக்கு!"

பொன்னழகு எழுந்தாள். அதற்குள் அடுப்படியிலிருந்து அவள் ஆத்தா அழகி வந்துவிட்டாள்.

"யாரும் என் பெட்டியில கை வைக்காதீக. நானே உருவிட்டு வாரேன்."

போனவள் லேசில் வரவில்லை.

"அங்குட்டு என்னடி பண்ணுற? நூலை உருவுறியா, சேலையை நெய்யிறியா?"

கொண்டையை முடிந்துகொண்டே வந்த அழகி, ஒரு முழ நூலை மகள் கையில் கொடுத்தாள்.

விளக்கு வைத்திருந்த நேரம். பொன்னழகு நூலின் நுனியைச் சுடரில் காட்டினாள். சுருசுருவென்று சுருண்டது. கூடம் முழுக்க முடி கருகும் வாடை.

"அடி சக்கை! பாடமும் அசல், என் பட்டும் அசல்! போ தாயி, காலேசு வரைக்கும் போ!"

மிச்ச நூலைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்கு வேறொரு வேலை இருந்தது.

எதிர்க்கடை பிலவேந்திரன் பதினேழு வருசமாகக் கேலி பேசுகிறான். "பாதி விலைக்கு எவன்ணே பட்டுக் குடுப்பான்? ஏமாந்துட்டீக!"

மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும் கருத்தையா வாசலில் நின்று கூப்பிட்டார்.

"யோவ் பிலவேந்திரா! இங்குட்டு வாய்யா. உன் வாயை இன்னைக்கு அடைக்கிறேன்."

"சாம்பிராணி போட்டுட்டு வாரேண்ணே!"

அவர் காகிதத்தைப் பிரித்தார். வெயில் பளீரென்று விழுந்தது. நூலின் முறுக்கு நுனியில் பிரிந்திருந்தது.

ஒரு இழை இல்லை. இரண்டு.

ஒன்று மயில்கழுத்து நூல். இன்னொன்று, அதோடு முறுக்கி விட்டிருந்த நீளமான தலைமுடி. ஒரு முனையில் நரை.

நூலை மட்டும் தனியே பிரித்துத் தீக்குச்சியைக் கிழித்தார். குப்பென்று பற்றியது. காகித வாடை.

பதினேழு வருசம். எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து. போன இடமெல்லாம் முந்தானையைத் தடவிக்கொண்டு, "எங்க வீட்டுக்காரக பேரம் பேசி எடுத்தாக" என்று அழகி சொல்வதை அவரே காது குளிரக் கேட்டிருக்கிறார். அந்தச் சேலையை மட்டும் இன்னொரு பெண் தொட விட்டதில்லை. தானே அலசி, தானே மடித்து வைப்பாள்.

கருத்தையாவுக்குக் கடைவீதியே கண்ணில் படவில்லை.

"என்னண்ணே, காகிதம் எரியிற வாடை?" பிலவேந்திரன் வந்து நின்றான்.

"பழைய சீட்டு ஒண்ணு. கொளுத்துனேன்."

"ஏதோ காட்டுறேன்னீக?"

"ஒண்ணுமில்ல. போய் வேலையைப் பாரு."

அந்த முடியைச் சுருட்டித் திரும்பவும் பையில் வைத்துக்கொண்டார்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் போனவர், தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"அழகி, தீபாவளிக்கு உனக்கு ஒரு பட்டு எடுக்கணும். மகளையும் கூட்டிக்க. நீங்க ரெண்டு பேருமே பாத்து எடுங்க."

அழகி கரண்டியோடு நின்றாள். "ஏன், நீங்க வரலையா?"

"வாரேன்," என்றார் கருத்தையா. "பை தூக்க."