வண்டியில் உளறியது

"மேடம், என் நாக்கை யாரோ திருடிட்டாங்க. போலீஸ் ஸ்டேஷனுக்கு வண்டிய விடுங்க."

முன் சீட்டில் சரிந்து கிடந்த நோலன், பெற்ற தாய் ஜெனெலைப் பார்த்துத்தான் இப்படிச் சொன்னான். பதினேழு வயதுப் பையன். இரண்டு கன்னமும் உப்பி, வாயில் திணித்திருந்த பஞ்சு வெளியே எட்டிப் பார்த்தது. ஜெனெல் சிரிப்பை அடக்கிக்கொண்டு, முன்னால் பொருத்தியிருந்த போனில் வீடியோ பதிவாகிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

ஞானப் பல் பிடுங்கி மயக்கம் தெளியாத பிள்ளைகள் வழியெல்லாம் உளறுவதையும், அதைப் பெற்றவர்களே படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புவதையும் ஏரிக்கரை ஊரான டூலூத்தில் பார்க்காதவர்கள் கிடையாது. பெற்ற பிள்ளையைக் கோமாளியாக்குவதில் என்ன சுகமோ! காலையில் தட்டு நிறைய பான்கேக்கை விழுங்கிக்கொண்டே நோலன்கூடச் சொல்லியிருந்தான், "இன்னைக்கு நான் என்ன உளறினாலும் நீ கோவிச்சுக்கக் கூடாதும்மா" என்று.

மருத்துவக் காப்பீடு அவன் அப்பா கர்டிஸ் பெயரில். மூன்று வருஷம் முன்பு பிரிந்து அரிசோனாவுக்குப் போய்விட்டவர். டாக்டரிடம் பேசியது, கையெழுத்துப் போட்டு அனுப்பியது எல்லாம் அவர்தான். பல் பிடுங்கிய பிறகு வீட்டுக்குக் கூட்டி வருவது மட்டும் ஜெனெலின் வேலை.

"வாய் நல்லா மரத்துப்போயிருக்கு, கொஞ்ச நேரத்துக்குப் பேச்சு குழறும்" என்று சொல்லி உதவியாளர் பெண் அவனை வாசல்வரை கொண்டுவந்து விட்டிருந்தாள்.

"நான் யாருன்னு தெரியுதாடா?" என்றாள் ஜெனெல்.

"தெரியலையே. ஆனா நல்லா ஓட்டுறீங்க. எங்கம்மா ஓட்டினா இந்நேரம் ஏரிக்குள்ள கெடப்போம்."

ஜெனெல் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும்தான் அந்த நினைப்பு வந்தது.

பள்ளியின் கடைசி வருஷத்தை என்னிடம் வந்து படிக்கிறாயா என்று கர்டிஸ் மகனிடம் கேட்டு ஒரு மாதமாகிறது. "எதுவா இருந்தாலும் சரி" என்பதைத் தவிர நோலன் வாயிலிருந்து எதுவும் வரவில்லை. இந்த வாரத்துக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

இப்போது கேட்டால் அவனுக்கு மறைக்கத் தெரியாது. கேட்காதே என்று மனசு சொன்னது. வாய் கேட்டுவிட்டது.

"தம்பி, உனக்கு யார்கூட இருக்கணும்னு ஆசை? அம்மாகூடவா, அப்பாகூடவா?"

நோலன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "அப்பாகிட்டப் போகணும் மேடம். வருஷத்துக்கு ரெண்டு வாரம்தான் அவரப் பாக்குறேன். அடுத்து காலேஜுன்னு போயிட்டா அதுவும் கெடையாது."

"அத உங்கம்மாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது? 'அதுக்கென்ன, போயிட்டு வாடா'ன்னு சிரிப்பாங்க. அப்புறம் பாத்ரூம்ல போய்க் குழாயத் திறந்து விட்டுட்டு அழுவாங்க. அப்பா போனப்பவும் அப்படித்தான். அந்தத் தண்ணிச் சத்தம் எனக்குத் தெரியும்." அவன் பேச்சு இன்னும் குழறியது. "அவங்ககிட்ட சொல்லிடாதீங்க மேடம், ப்ளீஸ்."

ஜெனெல் கை நீட்டிப் போனை அணைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவனைச் சோபாவில் படுக்கவைத்து, உறைந்த பட்டாணிப் பொட்டலங்களைத் துண்டில் சுற்றிக் கன்னங்களில் ஒத்தடம் கொடுத்தாள். வேகவைத்து மசித்த ஆப்பிளைக் கிண்ணத்தில் போட்டு ஊட்டினாள். ஸ்பூனை அவன் வாய்க்குக் கொண்டுபோகும் ஒவ்வொரு தடவையும் அவளுக்குக் கூசியது. தூங்குகிறவன் சட்டைப் பையில் கைவிட்டுத் திருடியதுபோல் இருந்தது.

மயக்கம் தெளிந்தால் அவனுக்கு எதுவும் நினைவிருக்காது. வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் பிள்ளை இங்கேயே இருப்பான், யாருக்கும் தெரியப்போவதில்லை. இப்படி ஒரு யோசனை வந்ததே என்று தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். போனிலிருந்த வீடியோவை அழித்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கை தானாகக் குழாய்க்குப் போக, சட்டென்று இழுத்துக்கொண்டு, துண்டால் வாயைப் பொத்தியபடி சத்தமில்லாமல் அழுது தீர்த்தாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து மகனின் காலடியில் உட்கார்ந்தாள்.

"நோலன், நீ அப்பாகிட்டப் போய்ப் படிடா."

"ஏம்மா திடீர்னு?"

அது தன் முடிவு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அதற்கு மனசு ஒப்பவில்லை.

"வண்டில வரும்போது உன்கிட்ட ஒண்ணு கேட்டேன். நீயும் மனசுல இருந்தத சொல்லிட்ட. உனக்கு ஞாபகம் இருக்காது. மயக்கத்துல கெடக்கிற புள்ளகிட்ட வாயப் புடுங்கினது தப்புடா. பெரிய தப்பு. அம்மாவ மன்னிச்சிடு."

நோலன் பட்டாணிப் பொட்டலத்தைக் கன்னத்திலிருந்து எடுத்தான். வீங்கிய முகத்தில் கண்கள் கலங்கியிருந்தன.

"நீ ஒரு தப்பும் பண்ணலம்மா. நான்தான் உன்ன ஏமாத்திட்டேன்."

"நீ என்னடா பண்ணின? பாவம், மருந்து பேச வச்சுது."

அவன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான்.

"டாக்டர் வாய் மரத்துப்போக ஊசி மட்டும்தான் போட்டாரு. மயக்க மருந்தே குடுக்கலம்மா."