அசையாத முள்

"முள் நூற்றுப்பத்து டிகிரியிலயே நிக்கணும். மூடியைத் திறந்தா சூடு போயிடும், தொடவே கூடாது" என்று சொல்லிவிட்டு வெளியே கிளம்பினார் மட்டாஞ்சேரி ஓட்டல் முதலாளி நஜ்முதீன்.

புகையில் ஆட்டிறைச்சி வேகவைக்கும் புது ஸ்மோக்கருக்குக் காவல் சங்கரலிங்கம். அடிப்பெட்டியின் காற்றுத் துளையை மயிரிழை திறப்பதும் மயிரிழை மூடுவதுமாகத் தவம் கிடந்தார்.

முதலாளி போனில் அழைத்தார். "கரி போட்டாச்சா?" என்று சங்கரலிங்கத்தின் காதில் விழுந்தது.

"அப்பவே போட்டாச்சு இக்கா. முள் அசையல."

ஆறு மணி நேரம் கழித்து, விருந்தாளிகள் தட்டோடு சூழ்ந்து நிற்க, நஜ்முதீன் மூடியைத் தூக்கினார். உள்ளே வெறும் கம்பி வலை, கச்சிதமாக நூற்றுப்பத்து டிகிரியில் காய்ந்துகொண்டிருந்தது.

"கறி எங்கே? போட்டாச்சுன்னு சொன்னியே."

சங்கரலிங்கம் அடிப்பெட்டியைத் திறந்து காட்டினார்.

"நாலு கிலோ போட்டேன் இக்கா. நல்ல சிரட்டைக் கரி."