டாக்டர் தேடிய பக்கம்

"ரெய்கி பத்தி நம்பகமான புத்தகம் ஏதாவது இருக்குமா?"

நிமிர்ந்து பார்த்த நூலகரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிரே நின்றவர் அவளுடைய டாக்டர். ஆறு வருஷமாக அவளுடைய பிரஷருக்கு மாத்திரை எழுதிக் கொடுப்பவர்.

"டாக்டர்! நீங்களா?"

"மெதுவாப் பேசுங்கம்மா." அவர் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். நூலகத்தில் அவளையே மெதுவாகப் பேசச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

"ரெய்கின்னா, உடம்பு மேல கையை வெச்சே குணமாக்கறது. அதுதானே?"

"அதேதான். கண்ட புத்தகம் வேண்டாம். நம்பிப் படிக்கற மாதிரி இருக்கணும்."

நாலு புத்தகம் எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் ஒவ்வொன்றையும் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டினார். விரலை வைத்து வரி வரியாக எதையோ தேடினார்.

"மூணே நாள்ல மாஸ்டர் ஆயிடலாமாம். நான் பத்து வருஷம் படிச்சேன், என்ன பிரயோஜனம்?"

அடுத்ததைப் பிரித்தார். "இதுல பாதிப் பக்கம் எழுதினவரோட போட்டோதான் இருக்கு."

மூன்றாவதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இவரு போன்லயே குணமாக்கிடுவாராம்."

நாலாவதும் தேறவில்லை. "நாளைக்கு வரேன்" என்று கிளம்பிவிட்டார்.

வீட்டுக்குப் போனதும் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நூலகரம்மா புருஷனிடம் கொட்டித் தீர்த்தாள்.

"நமக்கு மாத்திரையாம், அவருக்கு மட்டும் ரெய்கியாம்! என்ன நெஞ்சழுத்தம் பாருங்க!"

"அது கெடக்கட்டும். நீ மாத்திரை போட்டியா?"

"எழுதிக் குடுக்கறவருக்கே நம்பிக்கை இல்ல. நான் மட்டும் எதுக்கு முழுங்கணும்?"

மாத்திரை அட்டை சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது.

டாக்டர் விடுவதாக இல்லை. கிளினிக்கில் கூட்டத்தை உட்கார வைத்துவிட்டு மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். தெரிந்த நோயாளி யாராவது உள்ளே நுழைந்தால் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். நூலகரம்மா வேறு கிளைகளிலிருந்தெல்லாம் புத்தகம் வரவழைத்துக் கொடுத்தாள். மனசுக்குள் மட்டும் கறுவிக்கொண்டே இருந்தாள்.

நாலாம் நாள் காலையில் அவளுக்குத் தலை கிறுகிறுவென்று சுற்றியது. 'எல்லாம் இந்த மனுஷனுக்குப் புத்தகம் தூக்கித் தூக்கித்தான்' என்று அந்தப் பழியையும் டாக்டர் மேலேயே போட்டாள். இன்றைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள்.

"கிடைச்சிடுச்சு!"

டாக்டர் போட்ட சத்தத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அட்டை கிழிந்த ஒல்லிப் புத்தகம் ஒன்றோடு ஓடி வந்தார்.

"இந்த ஒரு பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் குடுங்கம்மா."

"ஒரே பக்கத்துல கத்துக்கிட்டீங்களா டாக்டர்? எங்களுக்கு மட்டும் வண்டி வண்டியா மாத்திரை எழுதறீங்க!"

"எனக்கில்லம்மா, எங்க அக்காவுக்கு." டாக்டர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். "ரெய்கி வகுப்புல சேர்ந்ததும் சர்க்கரை மாத்திரையை நிறுத்திட்டா. கையை வெச்சுக்கட்டும், நான் வேண்டாங்கல. மாத்திரையை ஏன் நிறுத்தணும்? போன வாரம் குளியலறையில மயங்கி விழுந்துட்டா."

"ஐயோ! நீங்க சொல்லக்கூடாதா?"

"சொன்னேனே. 'உனக்கு மூக்கு துடைச்சு விட்டவ நான், எனக்கே வைத்தியம் சொல்றியா'ங்கறா. ரெய்கி புத்தகம் சொன்னாத்தான் கேப்பா. இத்தனை புத்தகத்துல இந்த ஒண்ணுதான் அதை நேர்மையாச் சொல்லுது. எழுதினவரும் முப்பது வருஷமா ரெய்கி சொல்லிக் குடுக்கறவரு. படிச்சுப் பாருங்க."

அவர் விரல் வைத்த இடத்தை நூலகரம்மா படித்தாள்.

'கை வைப்பது மனதுக்கு ஆறுதல் தரலாம். ஆனால் அது மருந்துக்கு மாற்று அல்ல. டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒருபோதும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.'

அவளுக்கு வெட்கமாக இருந்தது. நிமிராமல் எழுந்து போய்ப் புத்தகத்தை மிஷினில் கவிழ்த்துப் பொத்தானை அழுத்தினாள். ஒரு தாள் வந்தது. இன்னொரு தடவை அழுத்தினாள்.

"ஒண்ணு போதும்மா. எனக்கு ஒரு அக்காதான்."

நூலகரம்மா இரண்டாவது தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இங்கயும் ஒரு அக்கா இருக்கா டாக்டர். அவளும் நாலு நாளா மாத்திரை போடல."